ஆறு இருவத்தஞ்சுக்கு அவர் படுத்திருந்தவராம்

“அப்ப படுத்துக்கிடந்த மனுசனுக்கு எப்பிடிக் கால் முறிஞ்சதாம்? கட்டிலாலை உருண்டு விழுந்தவராமோ?”

அற்புதராணி கையிலை இருந்த அகப்பையோடையே குசினி வாசலுக்கு வந்திட்டா. அகப்பையாலை ஆட்டுக்கால் ரசம் சொட்டுச் சொட்டா நிலத்திலை விழுது. அதைப் பாக்கிற நிலைமையிலை ஆரும் இல்லை.

“மம்மா, என்னோடை ஏன் கத்துறீங்கள்? நானோ எழுதினனான்? காப்புறுதிக் கந்தோர் எழுதினது.” எண்டாள் மகள் லெத்திசியா. “திரும்ப வாசிக்கிறன், கேளுங்கோ. ‘உங்கள் சாரதி அட்டையின்ரை பதிவுப்படி, நவம்பர் நாலாந் திகதி காலமை ஆறு இருவத்தஞ்சுக்கு நீங்கள் ஓய்விலை இருந்தனீங்கள். ஓய்வு நேரத்திலை உங்கடை சொந்த விருப்பத்திலை ஒரு கடைக்காரருக்கு உதவப் போய் விழுந்ததா உங்கடை முதலாளி அறிவிச்சிருக்கிறார். ஆகவே இதை வேலையிலை நடந்த விபத்தா எடுக்கிறதோ இல்லையோ எண்டு முடிவெடுக்க முன்னம் உங்கடை பதிலைப் பத்து நாளுக்குள்ளை அனுப்பவும்.’ அவ்வளவுதான்.”

“சொந்த விருப்பத்திலை,” எண்டார் மடுத்தீன்.

அவர் ஜன்னல் கரையிலை செற்றியிலை நீட்டி நிமிந்து கிடக்கிறார். இடது கால் முழங்காலுக்குக் கீழை ரண்டு இடத்திலை முறிஞ்சு, உள்ளுக்கை தகடு வைச்சு எட்டு ஆணி இறுக்கியிருக்கு. காலுக்குக் கீழை மூண்டு தலகணி. வெளியிலை லா சப்பல் மழை, மழை எண்டும் சொல்லேலாது, வானம் மூக்கு வடிக்கிற மாதிரி ஒரு தூறல், மூண்டு கிழமையா விடுகுதில்லை.

“நாப்பத்தெட்டுப் பெட்டி மரவள்ளியை நான் விருப்பத்திலை இறக்கினனானோ? காலமை ஆறரைக்கு? மழையுக்கை?”

“அதைத்தான் கேக்கினம் பப்பா. பதில் எழுதச் சொல்லுகினம்.”

விசயம் என்னெண்டா இதுதான். மடுத்தீன் ஓட்டுறது முதலாளி மகேந்திரராசாவின்ரை மரக்கறி லொறி. பன்ரண்டு தொன், பின்னாலை குளிர்ப்பெட்டி. விடிய முன்னம் றன்ஜீஸ் மொத்தச் சந்தையிலை ஏத்தி, முதல் லா சப்பல் கடையளுக்குப் போட்டு, பேந்து சார்செல், ஆர்ஜொந்தெய், கடைசியா பொண்டி எண்டு ஒரு வட்டம். இப்பிடியான பெரிய லொறியளிலை ஒரு மெசின் இருக்கு, றேடியோ பெட்டியளவு. சாரதி தன்ரை காட்டை, பேரும் படமும் உள்ள அட்டையை, அதுக்குள்ளை செருகவேணும். லொறி ஓடினா ஸ்ரேறிங் வளையப் படம். நிண்டு வேலை செய்தா ரண்டு சுத்தியல் படம். ஓய்வெண்டா ஒரு குட்டிக் கட்டில் படம். ஓட்டத்தை மெசின் தானாப் பிடிச்சிடும், அதிலை விளையாட்டுக் காட்டேலாது. ஆனா லொறி நிண்டாப் பிறகு ஆள் வேலை செய்யுதோ படுத்துக் கிடக்குதோ எண்டு அதுக்குத் தெரியாது. அதைச் சாரதிதான் பொத்தானை அமத்திச் சொல்லவேணும்.

அங்கைதான் கோதாரி.

பெட்டி இறக்கிறதும் வேலைதான். சுத்தியல்தான் போடவேணும். ஆனா ஒழுங்காச் சுத்தியலைப் போட்டுக்கொண்டு போனா, ஆர்ஜொந்தெயோடை அண்டைய வேலைநேரம் முடிஞ்சிடும். பொண்டிக்கு இன்னொரு ஆள் வேணும். மகேந்திரராசா இன்னொரு ஆளை வைக்கமாட்டார். அதாலை அவர் கண்டுபிடிச்ச வழி, “லொறி நிண்டா உடனை கட்டிலைப் போடு மடுத்தீன்.” ஒரு நாளைக்கு எட்டுத் தரம், பத்துத் தரம். ரண்டு வருசமா. கடைசியிலை அந்த விரலுக்கு அது பழகிப் போட்டுது. கையாலை பிரேக்கை இழுக்க முன்னம் விரல் பொத்தானுக்குப் போயிடும். ஒருக்கா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்க் காரை நிப்பாட்டேக்கை, விரல் அந்தரத்திலை ஒண்டுமில்லாத இடத்திலை போய் அமத்தினது. “என்னப்பா, பூசைக்கு முன்னமே படுக்கப் போறியளோ?” எண்டு அற்புதராணி அண்டைக்கு முழுக்கச் சிரிச்சவா.

இப்ப சிரிக்கேல்லை.

நாலாந் திகதி என்ன நடந்தது? பெர்தோனே வீதி மூலையிலை, அவற்றை வீட்டு ஜன்னலுக்கு நேர கீழை, லொறி. பின்பக்கத்திலை சாமான் இறக்கிற தட்டு, ஹயோன் எண்டு சொல்லுறது, மழையிலை நனைஞ்சு சவுக்காரம் பூசின மாதிரிக் கிடந்தது. மடுத்தீன் மரவள்ளிப் பெட்டி அடுக்கின தள்ளுவண்டியைப் பிடிச்சபடி பின்பக்கமா இறங்க, வண்டி வழுக்கி வந்து அவற்றை காலைத் தட்டின்ரை இரும்பு விளிம்போடை வைச்சு நெரிச்சது. நடைபாதையிலை கிழங்கு உருளுது, இவர் “யேசுவே” எண்டு கத்துறார், கடைக்காரன் ஓடிவந்து முதல் கேட்டது, “அண்ணை, மிச்சப் பெட்டி உள்ளுக்கையோ?” எண்டு.

பொம்பியேக்காரர், தீயணைப்பு ஆக்கள், வந்து தூக்கிக்கொண்டு போனாங்கள். விழுந்ததை ஒருத்தரும் மறுக்கேல்லை. விழேக்கை அவர் வேலையிலை நிண்டவரோ எண்டதுதான் கேள்வி. வேலை எண்டு கந்தோர் ஒப்புக்கொண்டா கால் சரிவருமட்டும் வைத்தியம் இருக்கு, சம்பளத்தின்ரை பெரும்பங்கு இருக்கு, வேலையாலை லேசிலை நிப்பாட்டவும் ஏலாது. இல்லையெண்டா அவர் தன்ரை பாட்டிலை விழுந்த மனுசன். நாப்பத்தொன்பது வயசு, ஆணி இறுக்கின கால், நாலாம் மாடி, லிப்ற் இல்லை. போ எண்டு விட்டிடுவினம்.

“நல்லா இருக்கு,” எண்டா அற்புதராணி. “மெசின் சொன்னாச் சரியாம். பல்லுக் கடிச்சுக்கொண்டு கிடக்கிற மனுசன் சொன்னாப் பொய்யாம்.”

பின்னேரம் லோறன்ஸ் வந்தார். அவரும் மகேந்திரராசாவிட்டைத்தான், சின்ன வான் ஓடுறவர். அறுவது வயசு, மீசைக்கு மட்டும் கறுப்பு மை. நாலு மாடி ஏறின மூச்சோடை கதிரையிலை விழுந்து, சட்டைப் பையுக்குள்ளாலை ஒரு காட்டை எடுத்து மடுத்தீன்ரை நெஞ்சிலை வைச்சார்.

“இந்தா உன்ரை காட். அண்டைக்கு மெசினுக்குள்ளையே கிடந்தது. மத்தியானம் ரண்டு மணிக்கு நான்தான் போய் இழுத்தனான். மகேந்திரராசா உடனை வாங்கி கொம்பியூற்றறிலை ஏத்திப்போட்டு மேசையிலை எறிஞ்சிட்டான். கேட்டாத் தரமாட்டான் எண்டு நான் கேக்கேல்லை.”

“களவெடுத்தியளோ மாமா?” எண்டாள் லெத்திசியா.

“அவற்றை பேரும் படமும் உள்ள காட்டை அவரிட்டைக் குடுக்கிறது களவோ பிள்ளை?” லோறன்ஸ் தேத்தண்ணியை ஊதிக்கொண்டு மடுத்தீன் பக்கம் திரும்பினார். “நான் அப்பவே சொன்னனான், கேட்டியோ? பெரிய லொறி வேண்டாம், அந்த மெசினுக்குள்ளை தலையைக் குடுக்காதை எண்டு. நானும் ஒரு காலத்திலை பெரிய லொறி ஓடினவன்தான். அப்ப கடதாசி. வட்டமா ஒரு கடதாசி, திஸ்க் எண்டுறது, ஊசி கீறிக்கொண்டு போகும். பிழைச்சா அடுத்த கடதாசி. மெசின் வருது எண்ட உடனை இறங்கி வானுக்கு வந்திட்டன். வானுக்கு மெசின் இல்லை. ஒரு கொப்பி. எத்தினை மணிக்குத் தொடங்கினன், எப்ப சாப்பிட்டன், எப்ப முடிச்சன், என்ரை கையெழுத்திலை. கதை முடிஞ்சுது.”

“எப்ப எழுதுவியள்?” எண்டாள் லெத்திசியா.

“ஞாயிற்றுக்கிழமை, இறைச்சிக் கறி சாப்பிட்டாப் பிறகு. ஒரு கிழமையை ஒரேயடியா எழுதிப்போடுவன்.”

“எட்டுத் தொடக்கம் பன்ரண்டு, ரண்டு தொடக்கம் அஞ்சு,” எண்டு மடுத்தீன் சிரிச்சார். கால் இழுக்க முகம் சுருங்கிச்சுது. அவரும் முந்தி ஒம்பது வருசம் வான் ஓடினவர், அந்தக் கொப்பி அவருக்கும் தெரியும்.

“ஓம், அதுதான். ஒருக்கா சென்-தெனியிலை பொலிஸ்காரன் மறிச்சுக் கொப்பியைப் புரட்டிப்போட்டுக் கேட்டான், ‘முசியூ, என்ன எல்லா நாளும் ஒரே நேரம்?’ எண்டு. ‘நான் ஒழுங்கான ஆள் முசியூ’ எண்டன். அவன் விழுந்து விழுந்து சிரிச்சிட்டுப் போ எண்டு விட்டவன். மெசின் சிரிக்குமோ? மெசினோடை கதைக்கேலுமோ? மனுசனுக்கு மனுசன் ஒரு இரக்கம் இருக்கு, கடதாசியிலை அதுக்கு இடம் இருக்கு. மெசினிலை ஒரு நிமிசம் கூடினாலும் அது எழுதி வைச்சு, பேந்து காட்டிக் குடுக்கும்.”

லெத்திசியாவுக்கு முகம் சிவந்திட்டுது. அவள் இருவத்திரண்டு வயசிலை ஒரு பல்லு வைத்தியரிட்டை வரவேற்பு மேசையிலை இருக்கிறவள், பொய் சொல்லுற ஆக்களை நாளுக்குப் பத்துப் பேரைப் பாக்கிறவள்.

“மாமா, ஒண்டு கேக்கிறன். நாளைக்கு ஆறு இருவத்தஞ்சுக்கு நீங்கள் விழுந்தா?”

“வாயைக் கழுவு பிள்ளை.”

“இல்லை, சொல்லுங்கோ. நீங்கள் நாலரைக்கு றன்ஜீஸிலை. ஆனா உங்கடை கொப்பியிலை வேலை தொடங்கிறது எட்டு மணிக்கு. உங்கடை சொந்தக் கையெழுத்து. ஆறு இருவத்தஞ்சுக்கு நீங்கள் இன்னும் வீட்டிலை நித்திரை. அப்ப உங்களை ஆர் காப்பாத்துறது? அந்தப் பொலிஸ்காரன்ரை சிரிப்போ?”

லோறன்ஸ் பிஸ்கற்றை எடுத்துத் தேத்தண்ணிக்குள்ளை தோய்ச்சார், அது உடைஞ்சு உள்ளுக்கை விழுந்திட்டுது.

“அப்ப உனக்கு மெசின்தான் நல்லமோ? உன்ரை கொப்பரைப் படுக்கப் போட்ட மெசின்?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை, ஆனா...”

“மெசின் முதல் நல்லாத்தான் இருந்தது,” எண்டார் மடுத்தீன்.

ரண்டு பேரும் திரும்பிப் பாத்தினம்.

“சிரிக்காதேங்கோ. முதல் மூண்டு மாதம். மகேந்திரராசாவுக்கு அப்ப அந்தக் கட்டில் விசயம் வடிவாத் தெரியாது. நாலரை மணித்தியாலம் ஓட்டம் முடிய வாற நேரம் மெசின் கத்தும், நிப்பாட்டு எண்டு. நான் போன் அடிப்பன், ‘அண்ணை, மெசின் கத்துது, முக்கால் மணித்தியாலம் நிக்கவேணும்’. அவர் திட்டுவார், ஆனா ஒண்டும் செய்யேலாது. வான் ஓடின ஒம்பது வருசத்திலை நான் அவருக்கு ‘ஏலாது’ எண்டு சொன்னதில்லை. மெசின் எனக்காகச் சொன்னது. ஆர்ஜொந்தெயிலை ஒரு ஆத்தங்கரை இருக்கு, அங்கை நிப்பாட்டிப்போட்டு, உன்ரை மம்மா கட்டித் தந்த இடியப்பத்தையும் சம்பலையும் ஆறுதலா இருந்து சாப்பிட்டிருக்கிறன். லொறிக்குள்ளை இருந்து மனுசன் மாதிரிச் சாப்பிட்டது அப்பதான். பேந்துதான் அவர் ஒரு நாள் என்னோடை ஏறி வந்து, பொத்தானைப் பாத்து, ‘ஓ, இது நீதான் அமத்திறதோ?’ எண்டு கேட்டவர்.”

மடுத்தீன் தன்ரை வலது கைச் சுட்டு விரலைப் பாத்தார். பாத்துப்போட்டுப் போர்வைக்குள்ளை ஒளிச்சார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு அற்புதராணி வர, கீழை கதவடியிலை மகேந்திரராசா நிக்கிறார். ஒரு பெட்டி தோடம்பழம், ஒரு ஹோர்லிக்ஸ் போத்தில். நாலு மாடியும் கதைச்சுக்கொண்டே ஏறினார். பெரிய உடம்பு, சின்னக் குரல், கதைக்கேக்கை ஆளின்ரை தோளைத் தடவுவார். மடுத்தீனைப் பெரிய லைசென்ஸ் எடுக்கப் படிக்க விட்டது அவர்தான், அதை அவரும் மறக்கேல்லை, மடுத்தீனும் மறக்கேல்லை.

“எப்பிடியடாப்பா இருக்கிறாய்? உன்னை நினைச்சா எனக்கு நித்திரை இல்லை.”

“கட்டிலைப் போட்டா வரும்,” எண்டு குசினிக்குள்ளாலை அற்புதராணியின்ரை குரல் வந்தது.

மகேந்திரராசா கேக்காத மாதிரி இருந்தார். “மடுத்தீன், கந்தோராலை கடிதம் வந்திருக்குமே. நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை. ‘ஓம், ஓய்விலைதான் நிண்டனான், சும்மா ஒரு கை குடுக்கப் போனனான்’ எண்டு ரண்டு வரி எழுதிப்போடு. நான் உன்னைக் கைவிடுவனோ? கால் சரிவந்தாப் பிறகு உனக்கு லொறி ஏன்? உள்ளுக்கை இருந்து போனிலை ஓடர் எடு. சூடான அறை, கதிரை, தேத்தண்ணி. பெரிய மனுசன் மாதிரி.”

“அண்ணை, நான் ஓய்விலை நிக்கேல்லை.”

“எனக்குத் தெரியாதோ? தெரியும்டாப்பா. ஆனா மெசினிலை என்ன இருக்கு?”

“நீங்கள் போடச் சொன்னனீங்கள்.”

“எங்கை சொன்னனான்? எப்ப? ஒரு கடதாசியிலை எழுதித் தந்தனானோ?” குரல் இன்னும் சின்னதாய்ப் போச்சுது. தோளைத் தடவின கை நிண்டுது. “மடுத்தீன், நான் உன்ரை நன்மைக்குச் சொல்லுறன். அந்தக் காட்டிலை இருக்கிறது உன்ரை பேர், உன்ரை படம், உன்ரை விரல். ‘ரண்டு வருசமாப் பொய்யா அமத்தினனான்’ எண்டு நீயே எழுதிக் குடுத்தா, அவங்கள் முதல் ஆரைப் பிடிப்பாங்கள்? பொய்ப் பதிவுக்குச் சாரதிக்கும் வழக்கு இருக்கு. லைசென்ஸிலை கை வைப்பாங்கள். நான் வேறை ஆளைப் பிடிச்சு ஓடுவன். நீ?”

அந்த மனுசன் சொன்னதிலை அதுதான் பொல்லாதது, அதிலை பாதி உண்மை.

அற்புதராணி ஹோர்லிக்ஸ் போத்திலைக் கொண்டுவந்து அவற்றை மடியிலை வைச்சா. “கொண்டு போங்கோ மகேந்திரராசா அண்ணை. மூண்டு கிழமையாப் படுத்துக்கிடக்கிற மனுசனுக்குச் சத்து என்னத்துக்கு? அதுவும் ரண்டு வருசமா ஒரு நாளைக்கு எட்டுத் தரம் படுத்து எழும்பின மனுசனுக்கு?”

“தங்கச்சி, நீ கோவத்திலை...”

“ஓம், கோவம்தான். எனக்குக் கோவம் வரக்கூடாதோ? அதுக்கும் உங்கடை மெசினிலை பொத்தான் இருக்கோ?”

அவர் போனாப் பிறகு தோடம்பழப் பெட்டி மட்டும் வாசலிலை கிடந்தது. ஆரும் தொடேல்லை.

இதுக்கிடையிலை லெத்திசியா சும்மா இருக்கேல்லை. கார் து நோர் ஸ்ரேசன் பக்கம் ஒரு போன் கடையிலை, காட் வாசிக்கிற ஒரு சின்னப் பெட்டி வாங்கிவந்து, கொம்பியூற்றறிலை கொழுவி, பின்னேரம் முழுக்க அதோடை மினக்கெட்டாள். பொழுதுபடுற நேரம் ஒரு கடதாசியோடை ஓடிவந்தாள். அவசரத்திலை பிரெஞ்சும் தமிழும் கலந்து கொட்டுது.

“பப்பா, பாருங்கோ! கடிதத்தோடை வந்த பிரதியைப் பாத்தா, முதலாளி கந்தோருக்கு அனுப்பினது ஆறு இருவதிலை இருந்து ஏழு மணி வரைக்கும் வெட்டின ஒரு துண்டு. முழு நாளும் இஞ்சை இருக்கு. அஞ்சு முப்பத்தெட்டுக்கு நிப்பாட்டினனீங்கள். கட்டில், பதினாறு நிமிசம். பேந்து ஓட்டம், அஞ்சு நிமிசம். ஏன்?”

“பின்னாலை பஸ் வந்திட்டுது. ஒருக்கா லூயி பிளான் வீதிப் பக்கத்தாலை சுத்தி வந்தனான்.”

“அதுக்குப் பிறகு சுத்தியல், ஒரு நிமிசம். பேந்து கட்டில், பதின்மூண்டு நிமிசம். திரும்ப ஓட்டம், நாலு நிமிசம்.”

“குப்பை லொறி. அதுக்கும் சுத்தினனான்.”

“திரும்பச் சுத்தியல், ஒரு நிமிசம். பேந்து கட்டில். முக்கால் மணித்தியாலத்துக்குள்ளை மூண்டு தரம் படுத்து, ரண்டு தரம் எழும்பிப் பன்ரண்டு தொன் லொறியைக் கொண்டு தெருவைச் சுத்தி வந்து, திரும்ப விட்ட இடத்திலை படுத்த மனுசன் உலகத்திலை எங்கை இருக்கு? அதோடை இந்தச் சுத்தியலைப் பாருங்கோ. லொறி நிண்ட உடனை மெசின் தானாச் சுத்தியலுக்குத்தான் போகுது. அது முதல் நம்புறது நீங்கள் வேலை செய்யிறீங்கள் எண்டு! பேந்து விரல் வந்துதான் மாத்துது.”

“கடைசிக் கட்டில் எப்ப முடியுது?” எண்டு கேட்டா அற்புதராணி.

லெத்திசியா விரலாலை கீழை ஓடினாள். “ரண்டு மணி அஞ்சு. லோறன்ஸ் மாமா காட்டை இழுக்குமட்டும்.”

“அப்ப ஆஸ்பத்திரியிலை காலை வெட்டித் திறக்கேக்கையும் கட்டில்.”

“அப்ப மட்டும் மெசின் சரியாத்தான் சொல்லியிருக்கு,” எண்டார் மடுத்தீன்.

மூண்டு பேரும் சிரிச்சினம். அற்புதராணிக்குச் சிரிப்பிலை இருந்து அழுகை வந்து, முந்தானையாலை மூக்கைத் துடைச்சுக்கொண்டு குசினிக்குப் போனா.

“எழுதுவம் பப்பா. இப்பவே.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“நீ கண்டுபிடிச்சது எல்லாம் சரி. ஆனா ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலை என்ரை விரல் இருக்கு. அதைச் சொல்லாமல் இதைச் சொல்லேலாது. லைசென்ஸ் போனா நான் ஆர்? இந்த நாட்டிலை என்ரை கையிலை இருக்கிறது அது ஒண்டுதான்.”

லெத்திசியா கடதாசியை மடிச்சு மேசையிலை வைச்சாள்.

திங்கக்கிழமை அஞ்சே முக்காலுக்கு மடுத்தீன் முழிச்சுக் கிடக்கிறார். கால் நோவு அந்த நேரத்துக்குத்தான் கூடும், உடம்புக்கு இன்னும் வேலை நேரம் தெரியுது. கீழை லொறி பின்னாலை வாற சத்தம், பீப், பீப், பீப். அவற்றை லொறி. சத்தத்திலையே தெரியும், ரண்டாம் கியரிலை ஒரு இருமல் இருக்கு.

கஷ்ரப்பட்டு நிமிந்து ஜன்னலாலை பாத்தார். கடையடி வெளிச்சத்திலை தூறல் வெள்ளையாத் தெரியுது. புது ஆள் சுரேன். வன்னிப் பக்கம், வந்து அஞ்சு வருசம், போன மாசந்தான் பெரிய லைசென்ஸ் எடுத்தவன், மனுசி பிள்ளை இன்னும் அங்கை. குனிஞ்சு தள்ளுவண்டியைத் தட்டுக்கு ஏத்துறான். அதே நனைஞ்ச தட்டு. ஒரு சாக்குத்துண்டு கூட விரிக்கேல்லை. பக்கத்திலை குடையோடை மகேந்திரராசா. இந்த மனுசன் ஒரு நாளும் விடிய முன்னம் வாறேல்லை, புது ஆளைப் பழக்க வந்திருக்கிறார்.

குடைக்குக் கீழை இருந்து அந்தச் சின்னக் குரல், அந்த நேரத்து வெறுந்தெருவிலை நாலாம் மாடிக்கும் கேக்குது.

“கட்டிலைப் போட்டனியே தம்பி?”

“இல்லை அண்ணை, மறந்திட்டன்.”

“ஏறிப் போட்டுட்டு வா. லொறி நிண்டா உடனை கட்டில், விளங்குதோ?”

மடுத்தீன் காலைக் கையாலை தூக்கிக் கீழை வைச்சு, ஜன்னல் கொண்டியைத் திருகித் திறந்தார். குளிர் அடிச்சுக்கொண்டு உள்ளை வந்தது.

“தம்பி சுரேன்!”

ரண்டு தலையும் மேலை நிமிந்தது.

“சுத்தியலிலை விடு! தொடாதை! அந்தப் பொத்தானைத் தொடாதை, அது தானாச் சரியாத்தான் நிக்கும்! என்ரை காலைப் பார்! நான் தொட்டுத்தான் இஞ்சை கிடக்கிறன்!”

“மடுத்தீன், உனக்கு விசரோ, சனம் நித்திரை...” எண்டு மகேந்திரராசா குடையை ஆட்டினார்.

“நித்திரையோ? ஆர் நித்திரை? இந்தத் தெருவிலை இந்த நேரம் முழிச்சிருக்கிற ரண்டு பேரும் உங்கடை ஆக்கள்தான் அண்ணை! ஒருத்தரும் நித்திரை இல்லை!”

எதிர்ப்பக்கம் ரண்டாம் மாடியிலை ஒரு லைற் எரிஞ்சது. சுரேன் கதவுப் பிடியிலை கை வைச்சபடி மேலையும் பாக்கிறான், முதலாளியையும் பாக்கிறான். அதுக்குள்ளை அற்புதராணி ஓடிவந்து மனுசனைப் பின்னாலை பிடிச்சு இழுத்து ஜன்னலைச் சாத்திப்போட்டா. பெடியன் ஏறினானோ, அமத்தினானோ, ஒண்டும் தெரியேல்லை.

“நாலாம் மாடியாலை விழப்போறியளோ? அதையும் ஓய்வு எண்டு எழுதுவாங்கள்!”

“பிள்ளையை எழுப்பு,” எண்டார் மடுத்தீன். “கடிதத்தோடை வந்த அந்தப் பதில் போர்மை எடுத்து வரச் சொல்லு. நான்தான் எழுதுவன். என்ரை கையாலை. கொம்பியூற்றறிலை அடிக்க வேண்டாம்.”

போர்மிலை ஒரு கேள்விக்கு மூண்டு வரி இடந்தான் விட்டிருந்தது: ‘விபத்து நடக்கேக்கை நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ லெத்திசியா கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒவ்வொரு பிரெஞ்சுச் சொல்லையும் எழுத்துக் கூட்டிச் சொல்ல, அவர் நாக்கைக் கடிச்சுக்கொண்டு எழுதினார். மூண்டு வரி காணேல்லை. பின்பக்கத்துக்கும் போச்சுது. எழுதினது இதுதான்:

‘நான் மரவள்ளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தனான். கட்டில் பொத்தானை அமத்தினது நான்தான். முதலாளி சொல்லி அமத்தினனான். அண்டைக்கு மட்டுமில்லை, ரண்டு வருசமா ஒவ்வொரு நாளும். அது என்ரை பிழை, அதுக்கு என்ன தண்டனையோ தாங்கோ. ஆனா நான் படுக்கேல்லை. ஒரு நாளும் படுக்கேல்லை. முழு நாள் பதிவையும் இணைச்சிருக்கிறன். இண்டைக்குக் காலமை அதே லொறியிலை இன்னொரு ஆளுக்கும் இதையே சொன்னதை என்ரை காதாலை கேட்டனான்.’

“கடைசி வரி வேணுமோ பப்பா? அது உங்கடை கேஸுக்குத் தேவையில்லை.”

“இருக்கட்டும்.”

“லைசென்ஸ்?”

“தெரியாது.”

கையெழுத்துப் போட்டார். லெத்திசியா பைஜாமாவுக்கு மேலையே கோட்டைப் போட்டுக்கொண்டு, தபால் கந்தோர் திறக்க இன்னும் ரண்டு மணித்தியாலம் கிடக்கு எண்டு தாய் கத்தக் கத்த, படியாலை ரண்டு ரண்டாப் பாய்ஞ்சு இறங்கீட்டாள்.

இப்ப நீங்கள் சொல்லுங்கோ. அந்தக் கந்தோரிலை மேசைக்குப் பின்னாலை இருக்கிறது நீங்கள்தான் எண்டு வையுங்கோவன். ஒரு பக்கத்திலை முதலாளி அனுப்பின மெசின் பதிவு, வடிவா, சுத்தமா, நிமிசக் கணக்கோடை. மற்றப் பக்கத்திலை, ‘பொய்யை அமத்தினது நான்தான், ஆனா நான் படுக்கேல்லை’ எண்டு கோணல் மாணல் எழுத்திலை ஒரு மனுசன். நீங்கள் ஆரை நம்புவியள், அந்த மனுசனை என்ன செய்வியள்?